நூற்றெட்டு நட்சத்திரங்களின் பின்பக்கம்

பஞ்சிங் மெஷினில் நிற்கிறவன் எதைக் கையில் வாங்கினாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பான். கல்யாணப் பத்திரிகை வைத்தால், பெண் யார் மாப்பிள்ளை யார் என்று படிப்பதற்குள் என் கட்டைவிரல் அட்டையின் ஓரத்தில் ஒரு சுற்று ஓடி வந்துவிடும். சிவகாசியில் ஒரு பெட்டிக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக இதுதான் எனக்கு வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஓரங்கள்தான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அச்சடித்த அட்டை எங்களிடம் தட்டையாக வரும். ஒரு பலகையில் இரும்பு பிளேடுகளைப் பெட்டியின் வடிவத்துக்கு வளைத்து, செங்குத்தாகப் பதித்திருப்பார்கள். அதற்கு டை என்று பெயர். மெஷின் அந்த டையையும் அட்டையையும் சேர்த்து அழுத்தினால் பெட்டியின் வடிவம் வெட்டுப்பட்டுவிடும். ஆனால் கழிவு மெஷினுக்குள்ளேயே உதிர்ந்துவிடக் கூடாது. அதற்காக பிளேடில் ஆங்காங்கே நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் போட்டுவிடுவோம். அந்த இடத்தில் மட்டும் காகிதம் அறுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நிக் என்போம். பிறகு கையால் தட்டிக் கழிவை உதிர்க்கும்போது நிக் பிய்ந்து, ஓரத்தில் கடுகில் பாதி அளவு முடிச்சு ஒன்று மிஞ்சும். தீபாவளிக்கு வருகிற ஸ்வீட் பெட்டியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தட்டுப்படும்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே என்று என்னைப் பேச்சுக்காரன் என்று எண்ணிவிட வேண்டாம். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அதனால் வருகிறது. நாலு பேர் முன்னால் என்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில் என் முறை வந்தும் பின்னால் நிற்பவரை முன்னால் விட்டிருக்கிறேன். என் கல்யாணத்தன்று புகைப்படக்காரர், “மாப்பிள்ளை, ஒரு தடவையாச்சும் நிமிந்து பாருங்க” என்று மன்றாடிவிட்டுக் கடைசியில் பெண்ணை மட்டும் நிறையப் படம் எடுத்துவைத்தார்.

அந்தப் பெண்தான் இந்தக் கதையின் ஆள். என் மனைவி. பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றுகிற பிரிவில் வேலை. வாய் நிற்காது. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளை ஒரு மாதம் போல அடைத்துவிடுவார்கள். வருடம் முழுவதும் காகிதம் சுற்றிய கை அந்த ஒரு மாதம் சும்மா இருக்க மறுக்கும். அப்படி ஒரு லீவில், ஐந்தாறு வருடத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி மாற்றச் சொல்லி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தானே ஒரு கெட்டிக் காகிதத்தை ஒட்டிவிட்டாள். காற்று வரவில்லை என்று அதில் ஓட்டை போட்டாள். சும்மா ஓட்டை போட்டிருக்கலாம். அவள் அரை பிளேடை ஒரு மூங்கில் குச்சியில் சொருகிக் கட்டி, எட்டு முனை நட்சத்திரங்களாக வெட்டி எடுத்தாள்.

மறுநாள் காலை குளிக்கப் போவதற்காக எழுந்தவன் அறை நடுவில் நின்றுவிட்டேன். சிமெண்ட் தரையில் வரிசையாக வெயில் நட்சத்திரங்கள் கிடந்தன. ஓரம் எல்லாம் கூர்மையாக இருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் குளியலறைக்குப் போனேன்.

அன்றிலிருந்து வெட்டிக்கொண்டே இருக்கிறாள். அச்சாபீஸில் மெஷின் உருளைமேல் சுற்றியிருந்து, தேய்ந்ததும் கழித்துப் போட்ட ரப்பர் பிளாங்கெட் ஒன்றைக் கால்மிதியாக இருக்கட்டும் என்று நான் கொண்டுவந்திருந்தேன். அதைக் கழுவித் துடைத்து, அதன் மேல் காகிதத்தை விரித்து வெட்டுவாள். ரப்பரில் பிளேடு வழுக்காது, முனையும் மழுங்காது. பென்சில் கிடையாது, ஸ்கேல் கிடையாது. வெட்டப்போகிற காகிதத்தின் அளவுக்கே ஒரு பழைய பேப்பரை எடுத்து மடிப்பாள். இரண்டாக மடிப்பது யாருக்கும் வரும். மூன்றாக மடிக்க வேண்டும், மூன்றும் சமமாக வேண்டும். அதைக் கண்ணாலேயே மடிப்பாள். பிரித்தால் கோடு கோடாகக் கட்டங்கள் இருக்கும். அந்தப் பேப்பரை நல்ல காகிதத்தின் மேல் வைத்து, கோடுகள் சந்திக்கிற இடங்களில் ஊசியால் குத்திக்கொண்டே போவாள். பிறகு பழைய பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு பிளேடை இழுப்பாள். வெட்டி முடித்ததும் புள்ளி எல்லாம் வெட்டுக்குள் மறைந்துபோயிருக்கும். எப்படிச் செய்தாள் என்பதற்குக் காகிதத்தில் ஒரு தடயம் இருக்காது.

ஒவ்வொன்றும் முடிந்ததும் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவாள்.

“ஏங்க, இங்கன வாங்க. எப்படி இருக்கு?”

“ம். நல்லாருக்கு.”

“அம்புட்டுதானா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“இட்லியக் கேட்டாலும் இதே பதிலு. ஒங்ககிட்ட கேட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும்.”

அவள் வேலைக்குப் போன பிறகு, எனக்கு ஷிப்ட் இல்லாத நாட்களில், கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் காகிதங்களை எடுத்துப் பார்ப்பேன். முன்பக்கம் பார்த்து, திருப்பிப் பின்பக்கம் பார்த்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஒரு காகிதத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நட்சத்திரத்தைத்தான் அவள் வெட்டுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. நான்கு நட்சத்திரங்கள் முனையோடு முனை நெருங்கி நிற்கிற இடத்தில், நடுவில் ஒரு கூட்டல் குறி தானாக உருவாகிறது. அதன் நான்கு கைகளும் கூராக முடிகின்றன. நட்சத்திரத்தைப் பார்த்தால் கூட்டல் மறைகிறது, கூட்டலைப் பார்த்தால் நட்சத்திரம் மறைகிறது. இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் காகிதமே மெல்ல அசைகிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். சாயந்திரம் அவள் வந்து, “என்ன செஞ்சீக பகலெல்லாம்?” என்று கேட்டால், “படுத்திருந்தேன்” என்பேன்.

போன வருடம் விருதுநகரில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். கையால் செய்தது மட்டும்தான் வைக்கலாம். எல்லாவற்றிலும் சிறந்ததாக ஒன்றை எடுத்து, சட்டம் போட்டு, செய்தவர் பெயரோடு மண்டபத்தின் முன்கூடத்தில் நிரந்தரமாக மாட்டுவார்கள். எங்கள் தெருவில் அவள் இருக்கிற மகளிர் குழுவிலிருந்து பத்துப் பேர் கூடை, தலையணை உறை, பாசிமணி என்று கொண்டுபோவதாக ஏற்பாடு. என் மனைவி நீலக் காகிதம் ஒன்றை எடுத்தாள். இரண்டடிக்கு ஒன்றரையடி. அதில் பன்னிரண்டுக்கு ஒன்பது என்று நூற்றெட்டு நட்சத்திரங்கள். ஒரு நட்சத்திரத்தின் முனைக்கும் அடுத்ததன் முனைக்கும் நடுவில் மிஞ்சுகிற காகிதம் இரண்டு தீக்குச்சி அகலம்கூட இருக்காது. ஒரே தாள், எங்கேயும் பசை இல்லை. நாற்பது நாள் வெட்டினாள். மதுரையில் படிக்கிற எங்கள் மகள் போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். அதில் கணவர் தொழில் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. பஞ்சிங் மெஷின் ஆபரேட்டர் என்று உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக பஸ். காகிதத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நான் மடியில் வைத்துக்கொண்டேன். “சும்மா கூட வாங்க, பேச வேண்டாம்” என்று சொல்லித்தான் அழைத்துப் போனாள். மண்டபத்தில் அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் காகிதத்தை நூலில் தொங்கவிட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டு, நான் இருபதடி தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தேர்வு செய்ய வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. சிவகாசியில் அச்சுத் தொழிலில் ஊறிய குடும்பம் என்று பார்த்ததும் தெரிந்தது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக லென்ஸ் வைத்திருந்தார். அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸ். ஒவ்வொரு மேஜையாக நின்று, சிரித்துப் பேசி, பொறுமையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நீலக் காகிதத்தின் முன்னால் வந்ததும் அவருடைய நடை நின்றது. வெகுநேரம் பார்த்தார். லென்ஸை எடுத்து முன்பக்கத்தில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

“யாரு செஞ்சதும்மா இது?”

“நாந்தான் அண்ணாச்சி.”

அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். எங்கள் விண்ணப்பம் வந்தது. ஒரு விரலால் அதில் எதையோ தொட்டுப் படித்தார். முகம் கொஞ்சம் வாடியது.

“வீட்டுக்காரரு பஞ்சிங்லயா இருக்காக?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதான் பாத்தேன்.” அவர் குரல் கடுமையாகவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “வேலை சுத்தமா இருக்கு தாயி. ஆனா இது டைல அடிச்சது. நூத்தியெட்டும் ஒண்ணுபோல இருக்கே. கைவேலைன்னா ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். நான் சின்ன வயசுலருந்து இந்தத் தொழிலுதான் பாக்கேன்.”

“என் கையால வெட்டுனது. நாப்பது நாளு.”

“இருக்கட்டும்மா. காட்சிக்கு வச்சுக்கோங்க. போட்டில மட்டும் சேக்க முடியாது.”

ஒரு வெள்ளை அட்டைத் துண்டில் ‘இயந்திர வேலை’ என்று எழுதி மேஜை மேல் வைத்தார்.

சிவகாசிக்காரர்களால் மட்டும்தான் இப்படித் தப்புச் செய்ய முடியும். வேறு ஊரில் இதைப் பார்த்திருந்தால், எப்படித்தான் வெட்டினாயோ என்று வாயைப் பிளந்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் சுத்தமான ஓரத்தைப் பார்த்தால் எந்தக் கம்பெனி டை என்றுதான் கேட்கத் தோன்றும்.

பக்கத்து மேஜையில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் கூடையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “அப்ப நாப்பது நாளும் அண்ணந்தான் கம்பெனில அடிச்சுக் கொடுத்துச்சா மதினி? எங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

இரண்டு பேர் சிரித்தார்கள். வாய் நிற்காத என் மனைவிக்கு வாய் நின்றுபோனது. அந்த அட்டைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொய்க்காரி என்று ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டது. அவள் பொய்க்காரி ஆனதற்குக் காரணம் என் வேலை.

தூணுக்குப் பின்னாலிருந்து எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அண்ணாச்சி அடுத்த மேஜைக்குத் திரும்புவதற்குள் அவர் எதிரில் நின்றேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் வந்தது.

“பின்பக்கம் பாருங்க.”

“யாரு நீங்க?”

“பஞ்சிங்.” என் பெயரைக் கேட்டிருக்கிறார், நான் வேலையைச் சொல்லிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். பரவாயில்லை என்று இருந்தது. “அண்ணாச்சி, நீங்க பிரிண்டிங். முகத்தப் பாக்கீக. நாங்க ஓரம் பாக்கிற ஆளுக. திருப்பிப் பின்பக்கம் பாருங்க.”

அவர் நூலைப் பிடித்துக் காகிதத்தைத் திருப்பினார்.

“டை அழுத்தும், கைப்பிளேடு அறுக்கும். அழுத்துனா ஓரம் பின்னால உருண்டு நிக்கும். தடவிப் பாருங்க. இருக்கா?”

தடவினார். “இல்ல.”

“நிக் எங்க இருக்குன்னு சொல்லுங்க. நூத்தியெட்டு நட்சத்திரம், ஒரு நட்சத்திரத்துக்கு ரெண்டு நிக் வச்சாலும் இருநூத்திச் சொச்சம் முடிச்சு இருக்கணும். ஒண்ணு காட்டுங்க. நான் இப்படியே வீட்டுக்குப் போயிருதேன்.”

லென்ஸ் வெளியே வந்தது. இந்தத் தடவை அவர் ஓரத்தில் வைத்தார். ஒரு நட்சத்திரத்தை முழுவதும் சுற்றினார், அடுத்ததையும் சுற்றினார். சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

“அப்புறம் இந்த வாரி,” என்றேன், இரண்டு தீக்குச்சி அகலத்தைக் காட்டி. “இந்தப் பக்கம் ஒரு பிளேடு, அந்தப் பக்கம் ஒரு பிளேடுன்னு டைல பதிச்சா நடுவுல பலகை எம்புட்டு நிக்கும்? ரெண்டு தடவை அடிச்சாலே பொடிஞ்சு போகும். எந்த டைக்காரரும் இதுக்கு ஆர்டர் எடுக்க மாட்டாக.”

அண்ணாச்சி நிமிர்ந்தார். அவர் கண்ணில் இப்போது வேறு வெளிச்சம். தொழில் தெரிந்தவனிடம் தொழில் பேசுகிற சந்தோஷம் அது. எளிதில் விடவும் அவர் தயாராக இல்லை.

“சரிப்பா, டை இல்ல. லேசர்ல வெட்டிருந்தா?”

“லேசர்னா ஓரம் கருகியிருக்கும். வெள்ளைத் துணில தேச்சா பழுப்பு இறங்கும்.” கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினேன். நான் எடுப்பதற்குள் அவர் தன் வேட்டி நுனியையே எடுத்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. கூடியிருந்தவர்களில் ஒரு அம்மா, “வேட்டியே சாட்சி சொல்லிருச்சு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சியும்தான்.

“மெஷின் இல்லன்னு ஒத்துக்கிடுதேன். அப்ப கைவேலைன்னு எதை வச்சுச் சொல்லுதீக? அதுக்கும் ஒரு அடையாளம் இருக்கணும்ல?”

அடையாளம் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். “லென்ஸை மூலைல வைங்க. பிளேடு நிக்க வேண்டிய எடத்துல நின்னுருக்கும். ஆனா பத்துல ஒண்ணு ஒரு மயிரிழை தாண்டிப் போயிருக்கும். தெரியுதா?”

“ஆமா. இந்தா இருக்கு.”

“எந்தப் பக்க மூலை?”

காகிதத்தை முன்பக்கம் திருப்பினார். வேறு வேறு இடத்தில் ஏழெட்டு மூலைகளைப் பார்த்தார். “எல்லாமே இடதுபக்க மூலையா இருக்கே.”

“வலதுகைக்காரங்க பிளேடை இடமிருந்து வலமா இழுப்பாக. மீறுனா வலது மூலைல மீறும். இது வெட்டுனது இடதுகை.” மூச்சு வாங்கிக்கொண்டேன். “என் வீட்டுக்காரிக்கு இடதுகை.”

கூட்டம் அவளைப் பார்த்தது. அண்ணாச்சி அவளைப் பார்க்காமல் மேஜையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “காலைல எனக்கு முன்னாலதான கையெழுத்துப் போட்டாக? வலதுகைலல்ல போட்டாக?”

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தே அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பக்கத்து மேஜைப் பெண், “மதினி சோறுகூட வலதுகைலதான் திங்கும்” என்று உதவிக்கு வந்தாள்.

அப்போதுதான் என் மனைவிக்கு வாய் திரும்பி வந்தது.

“சோறு வலதுகைலதான் திம்பேன். வீட்டுல எங்கம்மா கையக் கட்டிப்போட்டுப் பழக்குனாக. எழுதுறது வலதுகைலதான். பள்ளிக்கூடத்துல டீச்சர் அடிச்சுப் பழக்குனாக. பிளேடு பிடிக்க எவகிட்டயும் நான் படிக்கல. அது என் கை இஷ்டம்.” பையைத் திறந்து மூங்கில் குச்சி பிளேடை எடுத்தாள். அதை அவள் கொண்டுவந்திருந்ததே எனக்குத் தெரியாது. அது அவளுடைய இடதுகையில் போய் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். “காகிதம் ஏதாச்சும் கொடுங்க அண்ணாச்சி. வேண்டாம், இதுவே போதும்.”

‘இயந்திர வேலை’ என்று எழுதிய அட்டைத் துண்டை எடுத்தாள்.

பதிவேட்டை அடியில் வைத்துக்கொண்டாள். ஊசியும் இல்லை, மடித்த பேப்பரும் இல்லை. அட்டையை விரலால் ஒருமுறை அளந்தாள். பிளேடு இறங்கியது. அவள் தோள் அசையவில்லை, முழங்கை அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் வலமிருந்து இடம் வந்து வந்து நின்றது. பதினாறு இழுப்பு. குச்சியின் நுனியால் நடுவில் ஒரு தட்டுத் தட்டினாள். எட்டு முனை நட்சத்திரம் ஒன்று தனியாக எழும்பி வந்தது. ‘இயந்திர’ நட்சத்திரத்தோடு போய்விட்டது. மிச்சம் அட்டையில் ‘வேலை’ மட்டும் இருந்தது.

அண்ணாச்சி நட்சத்திரத்தை உள்ளங்கையில் வாங்கி லென்ஸை வைத்தார். ஒரு மூலையில் நிறுத்தினார். “மயிரிழை மீறியிருக்கு,” என்றார். “இடதுபக்கம்.”

யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. கூடை மேஜைப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், அவளுடைய வளையல் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. “எங்க மதினின்னா சும்மாவா” என்று, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தான் சொன்னதை மறந்தே போனவளாகக் கத்தினாள். என் மனைவி அவளைப் பார்த்து, “இருடி, ஊருக்கு வா ஒனக்கு இருக்கு” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அண்ணாச்சி கை கூப்பினார். “தாயி, தொழில் தெரியும்னு நெனச்சுக்கிட்டுத் தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீக.” பிறகு என்னிடம் திரும்பினார். “மெஷின் இல்லன்னு நிரூபிச்சிட்டீக. இப்ப நான் ஒண்ணு கேக்கேன். நல்லாருக்கா? அதைச் சொல்லுங்க. நீங்க ஓரம் பாக்கிற ஆளு.”

வழக்கமான பதில் நாக்கு வரைக்கும் வந்தது. என் மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்தடி தள்ளி நின்னு பாருங்க அண்ணாச்சி,” என்றேன். “நட்சத்திரமாத் தெரியும். அப்படியே நடந்து கிட்ட வாங்க. ஒரு எடத்துல நட்சத்திரம் கலைஞ்சு, கூட்டல் குறியா மாறும். எண்பத்தெட்டு இருக்கு. அதை அவ வெட்டணும்னு வெட்டல. நட்சத்திரங்களுக்கு நடுவுல மிஞ்சுத காகிதத்துல அதுவா வருது. நூத்தியெட்டுல ஒண்ணு கோணலாப் போனாலும் சுத்தி இருக்க கூட்டல் எல்லாம் நொண்டும். நொண்டல. வெட்டுனது தெரியணும்னா இன்னும் பெரிசா, பகட்டா வெட்டிருக்கலாம். இது எங்க வெட்டுனாங்கன்னே தெரியாம நிக்குது. இருபத்தாறு வருசமா நான் அடிச்ச எந்தப் பெட்டியும் இப்படி வந்ததில்ல.”

எண்பத்தெட்டு என்று நான் சொன்னபோது அவள் உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். அவளே அதை எண்ணியிருக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவைச் சொன்னார்கள். நீலக் காகிதம்தான். சட்டம் போட்டு மாட்டும்போது வழக்கமாகப் பின்னால் பலகை அடைப்பார்கள். அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பக்கமும் கண்ணாடி போடச் சொன்னார். முன்கூடத்தில் வாசலைப் பார்த்த ஜன்னலுக்குக் குறுக்கே அதை மாட்டியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முன்பக்கமும் பார்க்கலாம், போகும்போது பின்பக்கமும் பார்க்கலாம். கீழே அவள் பெயர், அதற்குக் கீழே ‘கையால் வெட்டியது’ என்று இரண்டே சொல். வெட்டிய நட்சத்திரத்தை அண்ணாச்சி திருப்பித் தரவில்லை. லென்ஸ் இருக்கிற பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திர பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். குழுப் பெண்கள் முன்னாலும் பின்னாலும். ஆமத்தூர் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க.”

“ம்.”

“ம் எல்லாம் இனிமே செல்லாது. எம்புட்டு நாளா இதெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தீக?”

“மொதல்லருந்து.”

“எண்பத்தெட்டு எண்ணியிருக்கீக. இடது மூலை வரைக்கும் பாத்திருக்கீக. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊரக் கூட்டி, மைக் இல்லாத கொறையாச் சொல்லுதீக!”

“கேட்டாக, சொன்னேன்.”

“நான் கேக்கலயா? அஞ்சாறு வருசமாக் கேக்கேன்.” முழங்கையால் என் விலாவில் இடித்தாள். “சரி, இப்பக் கேக்கேன். நல்லாருக்குன்னு சொன்னீகன்னா பஸ்ஸ விட்டு எறங்கிருவேன். குத்தம் சொல்லுங்க. அந்த நீலத்துல என்ன குத்தம்?”

யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“மேலருந்து மூணாவது வரிசை. அதுல ஏழாவது. ஒரு பக்க வாரி மத்ததவிட ஒல்லியாப் போச்சு.”

அவள் வாயைப் பிளந்தாள். “அடப்பாவி மனுசா! கரண்டு போன அன்னைக்கு வெட்டுனது அது. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு விட்டுட்டேன்.” முன் சீட்டில் இருந்த கூடைப் பெண்ணின் தோளைத் தட்டி, “ஏளா, கேட்டியா, எனக்கே மறந்துபோனதச் சொல்லுதாக” என்றாள்.

“ஒம்பதாவது வரிசைலயும் ஒண்ணு இருக்கு,” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. திருத்தங்கல் வரும் வரை, வரிசை வரிசையாக, ஒவ்வொரு நட்சத்திரமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் சண்டை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தாள்.